கண்ணை மூடாத ஜெபம்

வாரத்தில் ஆறு நாள் செல்லத்தாயைக் காது கேட்காதவள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆறு நாளும் அவள் இருக்கிற இடத்தில் யாருக்குமே காது கேட்காது.

தாராபுரம் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் நாற்பது மெஷின்கள், எதிரெதிராக இரண்டு வரிசை. காலை எட்டரைக்கு சுவிட்சைப் போட்டால் தகரக் கூரையே அதிரும். மூலையில் ஒரு ரேடியோப் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். அது என்ன பாட்டு என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் போய்க் காதை ஒட்டி வைக்க வேண்டும். அதனால் அங்கே எல்லாருக்கும் பேச்சு கையிலும் உதட்டிலும்தான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கோத்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. சுண்டு விரலை மடக்கினால் ஊசி உடைந்துவிட்டது. கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் டீ. நெஞ்சில் தட்டினால் சூப்பர்வைசர் கந்தவேல், ஏனென்றால் அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். கட்டை விரலைத் தோளுக்கு மேல் இரண்டு தடவை ஆட்டினால், 'உனக்குப் பின்னால் ஆள் நிற்கிறது, திரும்பிப் பார்'. நம் முதுகுப் பக்கம் எதிரில் இருக்கிறவளுக்குத்தானே தெரியும்? அவள் காட்ட வேண்டும், காட்டினதும் இவள் திரும்ப வேண்டும். யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் வந்துவிட்ட பழக்கம் அது. கையை நிறுத்தி யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

செல்லத்தாய்க்கு எதிர் மெஷின் ரோஸ்மேரி. நாசரேத்துக்காரி, வாய் ஓயாதவள். அவள் உதடுகள் பெரிய எழுத்துப் புத்தகம் மாதிரி; தூரத்தில் இருந்தே வாசித்துவிடலாம். மெஷின் ஓட ஓட அவள் ஊர்க்கதை, சண்டைக்கதை எல்லாம் சொல்வாள். செல்லத்தாய் சிரிப்பாள். அந்த ஹாலில் அவளைவிட நன்றாக உதடு வாசிக்கிறவர்கள் யாரும் இல்லை. கைமடிக்கு, தைக்கிறவர்களுக்குக் கூடமாட உதவ, வந்த புதுப் பிள்ளைகள்கூட, "அக்கா, சூப்பர்வைசர் அங்கன நின்னு என்ன சொல்லுதாரு?" என்று அவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

மணி ஒன்றாகி மெஷின்கள் நின்றதும் மற்ற எல்லாருக்கும் காது திரும்பி வந்துவிடும். அவளுக்கு வராது.

பத்து வயதில் போனது. சங்கரன்கோயில் பக்கம் அவள் ஊர். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பதினேழு நாள் கழித்துக் கண் விழித்தாள். அம்மா சத்தமே இல்லாமல் வாயை அசைத்து அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. இப்போது இருபத்து மூன்று வயது. பேச்சு மறக்கவில்லை, ஆனால் தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்கிறோம் என்று நினைத்துக் கத்துவாள். சத்தமாகச் சொல்கிறோம் என்று நினைத்து முணுமுணுப்பாள். அந்தப் பதிமூன்று வருஷத்தில் இரண்டு வித்தைகள் கற்றிருந்தாள். ஒன்று, உதட்டை வாசிப்பது. இரண்டாவது, வாசிக்க முடியாதபோது சிரித்துக்கொண்டே தலையாட்டுவது.

சுனாமி வந்த மறுவருஷம் அவள் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. ரோஸ்மேரி போகிற ஜெப வீட்டு ஆட்கள், முன்பின் தெரியாதவர்கள், ஒன்பது நாள் முறை போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தார்கள். ஒருநாள் ரசம், ஒருநாள் கொள்ளுப் பருப்பு. பத்தாம் நாள் செல்லத்தாய் தானாகவே ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள்.

ஜெப வீடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜானகியம்மாள் என்று ஒரு கவுண்டச்சியம்மா, ஐம்பது வயது, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரம்மா. பனியன் வேஸ்ட் அடுக்கியிருந்த தன் குடோனைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், சலங்கை வைத்துக் கையால் தட்டுகிற ஒரு தம்புரு. தம்புருவை ஜானகியம்மாள்தான் தட்டுவார், அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். பாஸ்டர் அருள்செல்வன் வாரம் முழுக்க வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை. நல்ல மனுஷர். ஒரே குறை, மீசை. வாய்க்குக் கூரை போட்ட மாதிரி மேல் உதட்டை முழுக்க மூடி இறங்கிய மீசை. பிரசங்கம் ஒரு மணி நேரம் என்றால் செல்லத்தாய்க்குக் கிடைப்பது நான்கு வார்த்தை. அவரைப் பற்றிக் கம்பெனியில் பேச வேண்டுமானால் மீசையை முறுக்கிக் காட்டுவார்கள். அதுதான் அவர் பெயர்.

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பாட்டு நேரத்தில் முன் நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைத்தால் தம்புரு கைக்குள் வந்து தட்டும். வாசலில் ஜானகியம்மாள் முகத்துக்கு நேரே குனிந்து, "கண்ணு, சாப்பிட்டயா?" என்று கேட்பார். முடிந்ததும் வரக்காப்பி.

ஜெபம் ஆரம்பித்தால் மட்டும் எல்லாம் போய்விடும். முப்பது பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். செல்லத்தாய்க்கு ஆட்களின் கண்ணும் வாயும்தான் வாசல். கண்ணை மூடித் தலையைக் குனிந்துவிட்டால் முப்பது வாசலும் ஒரே நேரத்தில் சாத்தின மாதிரி. அவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வேறு வழி இல்லாமல் சுற்றிப் பார்ப்பாள். கடைசி வரிசையில், கதவு ஓரம், சாயப்பட்டறையில் வேலை செய்கிற கன்னையன் என்கிற வயசாளி ஒவ்வொரு வாரமும் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஆமென் சொல்வதற்குள் துடைத்து முடித்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்பார். அதை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

பிறகு அவளை முன்னால் கூப்பிடுவார்கள். பாஸ்டர் இரண்டு காதிலும் எண்ணெய் தொட்டு வைத்துத் தலையில் கை வைப்பார். பெண்கள் சுற்றி நின்று தோளில் கை வைப்பார்கள். எல்லா முகங்களும் அவளுக்காக நனைந்திருக்கும். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பார்கள். அவள் இல்லை என்று தலையசைப்பாள். முப்பது முகமும் வாடும். உடனே சமாளித்துக்கொண்டு சிரிக்கும். அந்த ஒரு நொடியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காது கேட்காதது அவளுக்குப் பழகிப்போனது. இவ்வளவு அன்பான ஜனங்களை வாராவாரம் ஏமாற்றுவது பழகவில்லை.

போதாததற்கு வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு ஆரம்பித்தார்கள். பதினோரு வெள்ளி, அவள் காதுக்காக. மத்தியானம் ரோஸ்மேரியின் டிபன் டப்பா திறக்காமல் கிடக்கும். பட்டினியோடேயே பேட்லாக் தையல் மெஷினை ஓட்டுவாள்.

"தின்னுட்டி. எனக்காவ நீ சாவ வேண்டாம்."

"சும்மா கெட. உன் காது கேட்ட அன்னைக்கு உன் டப்பாவையும் சேத்துத் திம்பேன்."

பதினோராவது வெள்ளி முடிந்த ஞாயிறு அது நடந்தது.

வழக்கம்போல எண்ணெய், ஜெபம். எல்லாரும் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் அன்று புதிதாக ஒன்று செய்தார். மெல்ல அவளுக்குப் பின்னால் போய் நின்று, திடீரென்று கை தட்டினார். அந்தச் சத்தத்தில் எதிரில் நின்ற ரோஸ்மேரி கண்ணைத் திறந்தாள். தோழியின் முதுகுக்குப் பின்னால் ஆள். அவள் கட்டை விரல் தோளுக்கு மேல் இரண்டு தடவை ஆடியது. செல்லத்தாய் சட்டென்று திரும்பினாள்.

பாஸ்டர் பார்த்தது அவள் திரும்பினதை மட்டும்தான். கண் திறந்த மற்றவர்கள் பார்த்ததும் அதைத்தான். கையை ஆட்டியது ரோஸ்மேரிக்கே தெரியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை எத்தனை தடவை ஆட்டுகிற கை அது!

பாஸ்டர் கண் கலங்க ஏதோ கேட்டார். மீசை அசைந்தது. செல்லத்தாய் சுற்றிப் பார்த்தாள். ஜானகியம்மாள் தம்புருவைக் கீழே போட்டுவிட்டு அழுதார். ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாரும் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது பதிமூன்று வருஷமாக என்ன செய்தாளோ அதையே செய்தாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

குடோன் இரண்டுபட்டது. யார் யாரோ கட்டிப் பிடித்தார்கள். தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. விளங்கியபோது ஜானகியம்மாள் அவள் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இனிப்பு வாயோடு எப்படி இல்லை என்று சொல்வது? அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் கூட்டம், வெள்ளகோவில் சபைக்காரர்கள் வேன் வைத்து வருகிறார்கள், செல்லத்தாய் சாட்சி சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எதிரிக்கும் வர வேண்டாம். காது கேட்கிறவளிடம் யார் முகத்தைக் காட்டிப் பேசுவார்கள்? ஜானகியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து பேசினார். ரோஸ்மேரி மத்தியானச் சாப்பாட்டில் டப்பாவைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னாள். நடந்து போகும்போது வானத்தைப் பார்த்துப் பேசினாள். பெரிய எழுத்துப் புத்தகம் மூடிவிட்டது. செல்லத்தாய் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். காது போன காலத்தில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. சொல்லிவிடலாம் என்றால் அந்த முப்பது முகங்கள் கண்ணில் வந்தன. சொன்னால் இவர்களை இழப்போம். சொல்லாவிட்டால் இப்படியே இழந்துகொண்டிருப்போம். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வியாழக்கிழமை வரை தள்ளினாள்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழி. ரோஸ்மேரி ஓரமாக, செல்லத்தாய் நாலடி முன்னால் ரோட்டை ஒட்டி. பின்னால் துணி ஏற்றிய டெம்போ. ரோஸ்மேரி, "ஏட்டி, ஓரமா வா!" என்றாள். மறுபடியும் கத்தினாள். டெம்போக்காரன் ஹாரனை அமுக்கினபடியே வந்தான். செல்லத்தாய் நிதானமாக நடந்துகொண்டிருந்தாள். டெம்போ அவள் பையைத் தட்டிக்கொண்டு போனது. டிபன் டப்பா உருண்டு சக்கரத்துக்குள் போய் அப்பளமாக வெளியே வந்தது.

ரோஸ்மேரி ஓடிவந்து அவள் இரண்டு தோளையும் பிடித்து முகத்துக்கு நேரே திருப்பினாள். 

"உனக்குக் கேக்கலையாட்டி?"

செல்லத்தாய் இந்தத் தடவை தலையாட்டவில்லை. "கேக்கல."

"அப்பம் ஞாயித்துக்கெழம எப்படித் திரும்புன?"

"நீதான கை காட்டுன." கட்டை விரலைத் தோளுக்கு மேல் ஆட்டிக் காட்டினாள்.

ரோஸ்மேரி தன் கையையே பார்த்தாள், அது வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி. பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தால், அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"பதினோரு வெள்ளிக்கெழம பட்டினி கெடந்துட்டு, கடைசியில நானே கெடுத்துட்டனே! பாவி மட்ட, அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"எல்லாரும் அழுதீய. நான் எப்படிச் சொல்லுவேன்?"

ரோஸ்மேரி யோசித்தாள். "சொல்லாத. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு. விடாம ஜெபம் பண்ணுவோம். அதுக்குள்ள நெசமாவே கேட்டுட்டா?"

"கேக்கலன்னா?"

ரோஸ்மேரி தன் டப்பாவைத் திறந்து, இட்லியைச் சரிபாதியாகப் பிரித்து, நசுங்கின டப்பாவின் மூடியில் வைத்தாள். அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு வார்த்தையைக்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசவில்லை. அதுவே செல்லத்தாய்க்குப் போதுமானதாக இருந்தது. தைரியம் அதிலிருந்துதான் வந்தது.

ஞாயிறு. வெள்ளகோவில் வேன் வந்துவிட்டது. நாற்காலி போதாமல் பிள்ளைகள் பாயில். வாசலில் பெரிய அண்டாவில் சோறு கொதித்தது. மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். ரோஸ்மேரி முதல் வரிசையில் அவள் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினாள்: சத்தத்தைக் குறை. கம்பெனியில் அது 'மெஷின் வேகத்தைக் குறை'.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றாள் செல்லத்தாய். "எனக்குக் காது கேக்கல."

ஜானகியம்மாள் தம்புருவை மடியில் வைத்தார்.

"போன வாரமும் கேக்கல. ரோஸ்மேரி கை காட்டுனா, நான் திரும்பிட்டேன். அது எங்க கம்பெனிப் பழக்கம், அவ மேல தப்பு இல்ல. பாஸ்டரய்யா என்னமோ கேட்டாவ, எனக்குப் புரியல. நான் தலையாட்டிட்டேன். அது என் தப்பு. எனக்குப் புரியலன்னா தலையாட்டிருவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அம்மைக்கு ஒம்பது நாள் சோறு கொண்டாந்தீய. எனக்காவப் பட்டினி கெடந்தீய. எங்க சொந்தக்காரவகூட அப்படிச் செய்யல. நீங்க கேட்டது கெடைக்கலன்னு என்ன விட்டுறாதீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க ஜெபம் பண்ணும்போது மட்டும் கண்ண மூடாதீங்க. எல்லாரும் கண்ண மூடிட்டா நான் வெளிய நிக்க மாதிரி இருக்கு."

மைக்கை இறக்கினாள்.  வெள்ளகோவிலிலிருந்து வந்த பொங்கியண்ணன் என்கிற பெரியவர் எழுந்து கையை நீட்டிப் பேசினார். அவர் என்ன சொன்னார், அதற்கு ஜானகியம்மாள் என்ன சொன்னார் என்பதை ரோஸ்மேரி பிறகு நடித்தே காட்டினாள்.

"விசுவாசம் பத்தலீங்க பாஸ்டரு. விசுவாசம் இருந்திருந்தா இன்னேரம் காது கேட்டிருக்கோணும்."

"ஏனுங்க, வெள்ளகோவிலுக்காரரே! விசுவாசம் இல்லாமயா நாங்க பதினோரு வெள்ளிக்கெழம வயித்தக் காயப்போட்டோம்? புள்ள நெசத்தச் சொல்லீருக்குது. அதுக்கு எத்தன விசுவாசம் வேணும்ன்னு நீங்க மின்னால வந்து நின்னு பாருங்க, தெரியும். சோறு வெந்துட்டிருக்குது, உக்காருங்க."

பாஸ்டர் எழுந்து அவள் அருகே வந்தார். முகம் கறுத்திருந்தது, வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் அவர் தலை குனிந்துதான் போயிருக்கும். ஏதோ சொன்னார். மீசை அசைந்தது. எல்லா முகமும் அவளையே பார்த்தன. தலை தானாக ஆட வந்தது. கழுத்தை விறைப்பாகப் பிடித்து நிறுத்தினாள்.

"தெரியலய்யா. மீசை மறைக்கி."

பாயில் இருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பாஸ்டரம்மா. அப்புறம் குடோன் முழுக்க. பாஸ்டர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறு ஞாயிறு செல்லத்தாய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரே களேபரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புது ஆள் மைக் பக்கத்தில் நின்றார். மேல் உதட்டு இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

ஜானகியம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "அட சாமி! ஏனுங் பாஸ்டரு, யாருங்க தவறிட்டாங்க? ஒரு வார்த்த சொல்லி உட்டிருக்கக்கூடாதா?"

"யாரும் தவறலைங்க அம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பின்ன எதுக்குங்க இந்தக் கோலம்?"

பாஸ்டர் செல்லத்தாய்க்கு நேரே வந்து நின்றார். கல்யாணத்துக்குக்கூட எடுக்காத மீசை என்று பாஸ்டரம்மா பிறகு சொன்னார். அதற்குக் கீழே சின்ன, கூச்சப்படுகிற வாய் ஒன்று இருந்தது. அது மெதுவாகத் திறந்தது.

"செல்லத்தாய். இப்ப தெரியுதா?"

அவள் தலையாட்டவில்லை. வாயால் சொன்னாள். "தெரியுதுய்யா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"இத்தனை வாரம் உன்னைக் கூப்பிட்டு முன்னால நிறுத்தினேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. மன்னிச்சுக்கம்மா."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கிடைத்தது. ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை.

பிறகு ஜெபம். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணுவது சுலபம் இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் கூரையைப் பார்த்தார்கள், சிலர் கடிகாரத்தை. ஒரு பெண் எதிரில் இருந்தவளின் தாலிக்கொடியை எடை போட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி பாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். 'கர்த்தர்' என்று வந்ததும் கை நின்றுவிட்டது. அதற்குக் கம்பெனியில் சைகை இல்லை. சற்று யோசித்து, வயிற்றைத் தடவிக் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். அது முதலாளி. செல்லத்தாய் வாயை மூடிச் சிரித்தாள். அந்த முதலாளி ஹாலுக்குள் வருவதே வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆயுத பூஜைக்கும் போனஸுக்கும். ரோஸ்மேரிக்கும் அது சரியாகப் படவில்லை. இரண்டு விரல்களை ஒட்டி வைத்துக் காட்டினாள்: பக்கத்து மெஷினில் இருக்கிறவர். அதுவே நிலைத்துவிட்டது.

அப்போதுதான் மற்றவர்கள் கன்னையனைப் பார்த்தார்கள். கதவு ஓரத்தில் நின்று சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் திறந்திருக்கும் என்பதை மனுஷர் மறந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் முப்பது பேரும் பார்க்கிறார்கள். செல்லத்தாய்க்குப் பாவமாக இருந்தது. அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஏனுங்க கன்னையா, என்னாச்சுங்க?" என்றார் ஜானகியம்மாள்.

கன்னையன் சட்டை நுனியைக் கீழே விட்டார். "ஊட்டுக்காரிக்குக் கையி காலு ஒரு பக்கம் வராமப் போயி எட்டு மாசமாச்சுங்க. பேச்சும் கொளறிப் போச்சுங்க. கதவச் சாத்தி வெச்சுப்போட்டு வேலைக்குப் போறனுங்க."

"எட்டு மாசமா? ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

"சொன்னா மின்னால கொண்டாந்து நிறுத்தோணும்ம்பீங்க. வாராவாரம் இந்தப் புள்ள நின்னு நின்னு திரும்பிப் போனதப் பாத்தனுங்க. ஊட்டுக்காரிக்கு அது தாங்காதுங்க. நெம்ப ரோசக்காரிங்க."

பாஸ்டர் தரையைப் பார்த்தார். உடனே நிமிர்ந்து முகத்தை செல்லத்தாய் பக்கம் காட்டினார். "அவங்க இங்க வர வேண்டாம். நாம போவோம்."

அன்றைக்கே போனார்கள். கன்னையன் குடியிருந்தது வேறொரு லைனில் கடைசி வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இருபது பேர் நிற்க இடம் இல்லை. பாதிப் பேர் வாசலில். கட்டிலில் கன்னையனின் மனைவி பெரியாத்தாள் தலை வாராமல், வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தார். வந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கண்ணில் கோபமா வெட்கமா தெரியவில்லை, ஏதோ ஒன்று வந்தது. யாரும் எண்ணெய் எடுக்கவில்லை. ஜானகியம்மாள் சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டார். பாஸ்டர் கண்ணைத் திறந்துகொண்டே சுருக்கமாக ஜெபித்தார்.

முடிந்ததும் பெரியாத்தாள் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். யாருக்கும் விளங்கவில்லை. கன்னையன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியாத்தாள் இடது கையால் தட்டிவிட்டார். கன்னையன் தலையணையை நிமிர்த்தினார், பெரியாத்தாள் அதையும் தள்ளினார். "இப்படித்தானுங்க. என்ன கேக்கறான்னே தெரியாதுங்க. தெனமும் ரெண்டு பேத்துக்கும் சண்டைதானுங்க," என்றார் கன்னையன்.

செல்லத்தாய் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். காது கேட்கிறவர்கள் குழறுகிற சத்தத்தைக் கேட்டுத் திண்டாடினார்கள். அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவள் சரியாக இருந்த பாதி வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். நல்ல கையைப் பார்த்தாள். கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டிக் கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள். பெரியாத்தாள் அந்த விரலையே பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, அதே மாதிரி கட்டை விரலைச் சாய்த்தார். கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வாசலில் நின்றவர்களையும் சேர்த்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார்.

செல்லத்தாய்க்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. ரோஸ்மேரி உள்ளங்கையைக் கீழே அழுத்துவதற்குள் அவள் வீடு அதிரச் சொல்லிவிட்டாள்:

"அவுகளுக்கு ஒண்ணும் வேண்டாமாம்! வந்தவுக எல்லாருக்கும் காப்பி குடுக்கச் சொல்லுதாவ!"

பெரியாத்தாள் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். எட்டு மாசத்தில் அவர் சொன்னது முதல் தடவையாக ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கன்னையன் சட்டை நுனியைத் தேடவில்லை. அப்படியே நின்று எல்லார் முன்னாலும் அழுதார். "ஆகட்டுங்க, ஆகட்டுங்க," என்று ஜானகியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "கருப்பட்டி எங்கீங்க வெச்சிருக்கறீங்க?" என்று அவர் கேட்டதற்குக் கன்னையன் வாயைத் திறக்கும் முன்பே கட்டிலிலிருந்த இடது கை மேல் அலமாரியைக் காட்டியது.

டம்ளர் பத்தவில்லை. பக்கத்து வீடுகளில் வாங்கினார்கள். ஓர் ஆள் குடித்து முடித்துக் கழுவிக் கொடுத்தால் அடுத்த ஆள். வாசலில் நின்ற ரோஸ்மேரி கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி, மீசையை முறுக்கப் போய், பாதியில் நிறுத்தினாள். பாஸ்டருக்குக் காப்பி வந்ததா என்று கேட்க வேண்டும். ஆனால் பெயர்தான் போய்விட்டதே. செல்லத்தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு விரலைத் தன் மேல் உதட்டில் வைத்துத் திரை ஒன்றை ஒதுக்குகிற மாதிரி ஓரமாக நகர்த்திக் காட்டினாள். பிறகு கட்டை விரலைச் சாய்த்தாள்.

அவருக்கு வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருக்கிறார்.